மாப் கேட்க வந்தவர்கள்

2024 ஜூலை 3, புதன்

திகதி கிடைத்துவிட்டது. பதினாறாம் திகதி கர்ப்பப்பையை எடுக்கப்போகிறார்கள்.

கிளினிக் வாங்கில் காலையிலிருந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனது. உள்ளே போனால் டொக்டர் என்னிடம் இரண்டொரு கேள்விதான் கேட்டார். பிறகு என் தலைக்கு மேலால் மஹ்ரூபைப் பார்த்து, "மஹத்தயா, பொட்டக் எலியட்ட என்ன" என்று சிங்களத்தில் வெளியே கூப்பிட்டுக்கொண்டு போனார். வயிறு என்னுடையது, கட்டி என்னுடையது, விளக்கம் மட்டும் புருஷனுக்கு. இத்தனைக்கும் என் சிங்களம் இவருடையதைவிட எவ்வளவோ நல்லது. அக்குறணைக் கடையில் பிளாஸ்டிக் வாளி விற்கிற அளவுக்குத்தான் இவருக்குச் சிங்களம் வரும்.

திரும்பி வந்தவர் லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"டொக்டர் என்ன சென்ன?"

"ஒண்டுமில்ல. சின்ன ஒப்பரேஷனாம்."

இந்த "ஒண்டுமில்ல"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெப்ரவரியில் வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் மயங்கி விழுந்து, இரத்தம் ஏற்றிப் படுத்திருந்தபோதும் இதே வார்த்தைதான். கணித டீச்சர் நான். ஒன்றுமில்லை என்றால் பூச்சியம். பூச்சியத்தை வெட்டி எடுக்க யாராவது திகதி கொடுப்பார்களா?

பின்னேரம் மகன் முஸ்அப் கத்தாரிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தான். திகதியைச் சொன்னேன். முகம் ஒரு மாதிரியாகப் போனது. "லீவு தர மாட்டாங்க உம்மா" என்றான். நான் கேட்கவே இல்லை, அவனே சொன்னான். பின்னால் மழை கொட்டுகிற மாதிரிச் சத்தம். "அங்க மழயா மகன்?" என்றால், "ஏசி உம்மா, பழைய ஏசி" என்கிறான். அவன் வேலை செய்கிற ஹோட்டல் ஸ்டோருக்கு அப்படியொரு ஏசி. கொஞ்சம் போக ரயில் கூவுகிற மாதிரி ஒன்று. அது டீவியாம்.

பிள்ளை மெலிந்துவிட்டான். ஒப்பரேஷனுக்கு முன் ஒருதரம் அவனைத் தொட்டுப் பார்க்கக் கிடைக்காது. பெற்ற வயிறு அது, அவன் பார்க்காமலே போகப்போகிறது. இதை எழுதும்போதே அழுகை வருகிறது. வேண்டாம், நிறுத்துகிறேன்.

ஜூலை 8, திங்கள்

மாப் கேட்கும் படலம் ஆரம்பமாகிவிட்டது.

இப்படி மன்னிப்புக் கேட்பது எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவரும் கத்திக்குப் போகிறவரும் திரும்பி வருவது அல்லாஹ்வின் நாட்டம். அதனால் கணக்கைச் சரிசெய்துவிட்டு அனுப்ப வேண்டும். வருகிறவர் கையைப் பிடித்து, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப் பண்ணிக்கோங்க" என்பார். "பொறுத்தேன், நீங்களும் என்னப் பொறுத்துக்கோங்க" என்று நான் சொல்ல வேண்டும். கண்ணைத் துடைத்துவிட்டுத் தேநீர் குடிப்போம். அவ்வளவுதான், யாரும் விபரம் கேட்பதில்லை.

நான் கேட்டுவிட்டேன்.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு பஸ்லியா. வழக்கமான வசனத்தைச் சொன்னாள். எனக்கு என்ன வந்ததோ, "என்னத்துக்கு?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் திடுக்கிட்டுப் போனாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒங்கட பெரிய வட்டலப்பச் சட்டி என்ட வீட்டுலதான் ஈக்குது டீச்சர். இல்லண்டு சென்னது பொய்" என்றாள்.

ஆளையே அசத்திவிட்டாள்! அந்தச் சட்டிக்காக நான் சண்டைபோட்டது வேறு ஒருத்தியுடன்.

ஜூலை 10, புதன்

இதில் ஒரு ருசி பிடித்துவிட்டது எனக்கு. பயத்தை மறக்கவும் வழியாக இருக்கிறது.

அதிபர் வந்தார். "என்னத்துக்கு சேர்?" என்றதும் மனிதர் வியர்த்துப் போனார். எனக்கு எப்போதும் கடைசிப் பாடவேளை விழுவது தற்செயலாக இல்லையாம். நான் ஸ்டாப் மீட்டிங்கில் வாயை மூடாததற்காம்.

மதினி ஸுலைஹா வந்தாள், மஹ்ரூபின் தங்கை. நீண்ட நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். "என்னத்துக்கு?" என்று கேட்டேன். "றிப்தாக்கு வந்த கலியாணப் பேச்சுல, உம்மாக்காரி வாய்க்காரி எண்டு நான்தான் செல்லிட்டேன் மதினி" என்றாள். என் மகளுக்கு இன்னும் ஏ.எல். பரீட்சை கூட முடியவில்லை. அதற்குள் ஒரு பேச்சு வந்து, என் வாயால் அது நின்றும் போயிருக்கிறது. எனக்குத் தகவலே இல்லை. பொறுத்தேன் என்று சொல்லிவிட்டேன். இதற்கு மதினிக்கு நன்றியே சொல்லலாம்.

ஆனால் மதினி அதோடு முடிக்கவில்லை என்று பட்டது. இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்து, வாசலில் நின்ற மஹ்ரூபைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனாள்.

ஜூலை 11, வியாழன்

இவ்வளவு பேர் மாப் கேட்டால் ஆள் மௌத்தாகப்போகிறது என்றுதானே அர்த்தம்?

ஜூலை 14, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெண்கள் வார்ட், ஜன்னல் பக்கக் கட்டில். கண்டி டவுனின் ஹோர்ன் சத்தம் இங்கேயும் விடாது போலிருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் சுபாஜினி என்று ஒரு பெண். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். அவளுக்கும் செவ்வாய்தான் ஒப்பரேஷன். அவளைப் பார்க்க ஒரு லயமே திரண்டு வந்தது. புருஷன் கணேஸ் மொட்டை அடித்துக்கொள்வதாகக் கோயிலில் நேர்ந்திருக்கிறானாம். "அவருக்கு முடியே இல்ல டீச்சர், சாமி ஏமாந்துறப் போகுது" என்று சொல்லிச் சிரிக்கிறாள். பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தான். பயந்தா மட்டும் விட்டுறவா போறாங்க?"

நான் சிரித்தேன். ஆனாலும் உள்ளங்கை குளிர்ந்துதான் இருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தபின் நான் எங்கே இருப்பேன்? அந்த நேரத்தில் என்னை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? முகமே தெரியாத ஆட்கள். வெளியே கதவுக்குப் பக்கத்தில் மஹ்ரூப் நிற்பார் என்பது ஒன்றுதான் தைரியம். பொய் சொல்லத் தெரியாத மனிதர். கடையில் கூட வாளியில் கீறல் இருந்தால் அவரே காட்டிக்கொடுத்துவிடுவார்.

ஜூலை 15, திங்கள்

இன்று பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் போனபின் சுபாஜினி சொன்னாள்: "டீச்சர், ஒங்க மகன் ஏன் உள்ள வராம கதவுகிட்டயே நின்னுட்டுப் போறாரு? நேத்தும் நின்னாரு, இன்னைக்கும் நின்னாரு."

"என்ட மகன் கத்தார்ல."

"அப்ப வேற யாரோ. ஆனா அந்த மூக்கு அப்படியே ஒங்க மூக்கு டீச்சர்."

என் மூக்கு அபூர்வமான மூக்கு ஒன்றும் இல்லை. அக்குறணையில் பாதிப் பேருக்கு இந்த மூக்குத்தான். பாவம், அவளுக்கும் பயத்தில் கண் எங்கோ ஓடுகிறது.

நாளைக்கு. யா அல்லாஹ்.

ஜூலை 16, செவ்வாய்

நடக்கவில்லை. ஒப்பரேஷன் நடக்கவில்லை.

எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

விடிந்ததும் பச்சை உடுப்பைப் போட்டு, தலையை இரட்டைப் பின்னலாகப் பின்னி உட்காரவைத்தார்கள். மஹ்ரூபைக் கொஞ்ச நேரம் உள்ளே விட்டார்கள். அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது. "றம்லத், தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஒனக்கு..." என்று ஆரம்பித்தார்.

எனக்கு அந்த நேரத்திலும் வாய் அடங்கவில்லை. "என்னத்துக்கு மாப்? அத மொதல்ல செல்லுங்க" என்றேன். சீனி வருத்தத்தை வைத்துக்கொண்டு கடையில் களவாகச் சீனி போட்டுப் பிளேன்டீ குடிப்பதைச் சொல்வார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போற ஆளுக்கிட்டப் பொய் செல்ல ஏலா" என்று தனக்குத்தானே சொன்னார். பிறகு —

"முஸ்அப் கத்தார்ல இல்ல."

"அப்ப? துபாயிலயா?"

"கடுகண்ணாவையில."

நான் சிரித்தேன். சத்தியமாகச் சிரித்தேன். கடுகண்ணாவை! கண்டியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போட நேரமில்லை. பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். காது அடைத்துப்போனது. ஏதோ சொல்லிக்கொண்டே போகிறார். பெப்ரவரி என்கிறார், கொம்பனி மூடிவிட்டது என்கிறார். எனக்கு உதடு அசைவது மட்டும்தான் தெரிந்தது.

நர்ஸ் மிஸி வந்து ப்ரஷர் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். மயக்க மருந்து டொக்டர் வந்தார். வேறு மெஷின் கொண்டுவந்தார்கள். இருநூறைத் தொட்டிருந்ததாம். இந்த நிலையில் கை வைக்க மாட்டேன், வேறு திகதி தருகிறோம் என்றார் அந்த டொக்டர். "காலையில நல்லா இருந்தீங்களே, என்ன நடந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

என்ன சொல்வது? என் மகன் கடுகண்ணாவையில் இருக்கிறான் என்றா?

சுபாஜினியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது எனக்குக் கை காட்டினாள். கதவில் நின்ற பையன் அவன்தான். அவன்தான்!

ஜூலை 17, புதன்

வீடு.

மஹ்ரூப் வானில் வரும் வழியெல்லாம் சொன்னதைக் கோர்த்துப் பார்க்கிறேன். பெப்ரவரியில் கொம்பனியை மூடி எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அதே வாரம்தான் நான் வகுப்பில் விழுந்தேன். டொக்டர் இவரை வெளியே கூப்பிட்டு, அதிர்ச்சி எதுவும் கொடுக்காதீர்கள் என்றிருக்கிறார். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். கட்டுநாயக்கா எயார்போட்டில் மகனை ஏற்றி, நேராகக் கடுகண்ணாவையில் கூட்டாளி பஹீமின் டயர் கடையில் கொண்டுபோய் விட்டுவிட்டார். இரண்டு கிழமையில் சொல்லலாம் என்றிருந்தாராம். பிறகு நோன்பு வந்தது. பிறகு பெருநாள் வந்தது. பிறகு வாய் வரவில்லை.

கடைசியாக நான் கேட்டது ஒன்றுதான். "நோம்புக்குக் கத்தார்லருந்து அனுப்பின ஈத்தம்பழம்?"

"கண்டியில வாங்கின."

அந்தப் பேரீச்சம்பழத்தை ஸ்டாப் ரூமில் ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டு, இந்த ருசி இந்த நாட்டில் கிடைக்காது என்று சொன்னவள் நான்.

றிப்தாவுக்குத் தெரியும். மதினிக்குத் தெரியும். கடைக்கு வருகிற பாதிப் பேருக்குத் தெரியும். ஊரிலேயே எனக்கு மட்டும்தான் மகன் கத்தாரில் இருந்திருக்கிறான்.

ஜூலை 19, வெள்ளி

யாரோடும் பேசவில்லை. சமைக்கிறார்கள், கொண்டுவந்து வைக்கிறார்கள், சாப்பிடுகிறேன்.

இதிலும் ஒரு கூத்து. மாப் கேட்டவர்கள் யாரும் இந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை. நான் செத்துவிட்டால் சரி, பிழைத்து வந்தாலும் ஒரு மாதம் படுக்கையில் இருப்பேன், அதற்குள் மறந்துவிடுவேன் என்று நம்பிச் சொன்ன விபரங்கள். இப்போது முழு ஆளாக வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பஸ்லியா சட்டியைத் தானே கொண்டுவராமல் மகளிடம் கொடுத்தனுப்பினாள். சட்டியின் ஒரு காது உடைந்திருந்தது.

முஸ்அப் விடாமல் கோல் எடுக்கிறான். நான் எடுக்கவில்லை. எடுத்தால் எந்த ஊர் நேரத்தில் பேசுவது?

ஜூலை 20, சனி

விடியற்காலையில் ஒன்று உறைத்தது. உறைத்ததும் எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

மகனை ஆறு மாதம் மறைத்த ஆட்கள் என் வருத்தத்தை மறைக்க மாட்டார்களா? டொக்டர் இவரை வெளியே கூப்பிட்டது ஒருதரமா? ஒவ்வொரு கிளினிக்கிலும் கூப்பிட்டார். ஒவ்வொருதரமும் "ஒண்டுமில்ல". ஒவ்வொருதரமும் அந்த லேஞ்சி.

அப்படியானால் அவ்வளவு பேரும் வந்து மாப் கேட்டது...

ஜூலை 21, ஞாயிறு

ஆகஸ்ட் பதின்மூன்று என்று போன் வந்தது. நான் போக மாட்டேன் என்று மஹ்ரூபிடம் சொல்லிவிட்டேன். நான்கு நாளைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஏன் றம்லத்?"

"கண்ண மூடிக்கிட்டுப் படுக்கோணுமே. யாரை நம்பிப் படுக்க?"

அவர் கதிரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். என் மனம் இளகவில்லை. முன்பென்றால் இளகியிருக்கும்.

ஜூலை 24, புதன்

இன்று யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். கிளினிக் வாங்கில் தனியாக இருந்தேன்.

டொக்டர் நிமிர்ந்து எனக்குப் பின்னால் பார்த்தார். "மஹத்தயா வரவில்லையா?"

"இல்லை. கட்டி என்னுடையது டொக்டர், என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். நல்ல சிங்களத்தில்தான் சொன்னேன். குரல் மட்டும் ஒன்பதாம் வகுப்பை அடக்குகிற குரலாக வந்துவிட்டது. மனிதர் பேனையைக் கீழே வைத்தார்.

"கர்ப்பப்பையில் இருப்பவற்றைப் பற்றிக் கவலையில்லை. இடது சூலகத்தில் ஒன்று இருக்கிறது. அதன் தோற்றம் எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். உங்கள் கணவரிடம் சொல்லியிருந்தேனே."

"கேன்சரா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தள்ளிப்போடுவது மட்டும் நல்லதல்ல."

இருக்கலாம். என்னிடம் யாரும் சொல்லாத சொல். நான் "நன்றி" என்று சொன்னது ஞாபகம். வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை கூட வரவில்லை. எல்லாரும் நடந்து போகிறார்கள், ஒரு அம்மா தோடம்பழம் உரித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு மட்டும் தரை ஆடியது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்குத்தான் நடந்தேன். ஏறியது கொழும்பு பஸ். கடுகண்ணாவையில் இறங்கும்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று விளங்கியது.

டயர் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், தகரம் போட்ட கடை. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தைக் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த சத்தம். கத்தாரின் பழைய ஏசி!

லொறி ஒன்றுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வந்தன. பிறகு முஸ்அப் வந்தான். என்னைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பிரம்புக்கு ஒளிப்பதுபோல.

"கத்தார்ல எப்ப இருந்து மகன் மழ?" என்றேன்.

அவன் வாய் கோணியது. இருபத்துநான்கு வயது ஆள், டயருக்கு நடுவில் நின்று விம்மி விம்மி அழுதான்.

"ஒவ்வொரு நாளும் வார்டுக்கு வந்தேன் உம்மா. உள்ளுக்கு வந்தா ஒங்களுக்குப் ப்ரஷர் ஏறும் எண்டு வாப்பா சென்ன. கதவுல நிண்டு பாத்துட்டு வந்தேன்."

"ஒங்கட வாப்பாவே ஏத்திட்டாரு. கையக் காட்டு."

காட்டினான். நகத்துக்கு அடியெல்லாம் கறுப்பு. அதனால்தான் இந்த ஆறு மாதமும் போனில் முகம் மட்டும் வந்தது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அபாயாவும் கறுப்புத்தான், கறை தெரியாது.

"எனக்குக் கேன்சரா இருக்கலாமாம்" என்றேன். ஏன் அவனிடம் முதலில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். அவன் "ஒண்டுமில்ல உம்மா" என்று சொல்லவில்லை. கையை இறுக்கிப் பிடித்தான், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. "டீவி" என்றேன். அழுகிற பிள்ளை சிரித்துவிட்டான்.

ஜூலை 25, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்ததும் மஹ்ரூபை உட்காரவைத்துக் கேட்டேன். "சூலகத்துல இருக்கறத ஏன் செல்லல்ல? மாப் கேட்ட அண்டைக்குக் கூட செல்லல்லயே?"

"அத நான் எனக்கே செல்லிக்கல்ல, றம்லத்" என்றார். "டொக்டர் சென்னாரு. நான் வெளிய வந்தேன். ஒண்டுமில்லண்டு ஒனக்கிட்டச் சென்னா, அது அப்பிடியே ஆகிப்போகும் எண்டு மனசுல ஈந்திச்சி."

இவ்வளவு நாளும் அதை இந்த மனிதர் தனியாகவா சுமந்தார்? கடையில் வாளி விற்றுக்கொண்டு? எனக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனால் அதற்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

"பதின்மூணாந் திகதி போறேன்" என்றேன். "ஒரு நிபந்தன. இனி யாரும் எனக்குப் பின்னால கதைக்கக்கூடாது. அழுறதெண்டாலும் என்ட முன்னுக்கு அழுங்க."

உடனே அழுதுவிட்டார். நிபந்தனையை இவ்வளவு சீக்கிரம் அமுல்படுத்துவார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

சுபாஜினி போன் எடுத்தாள். அவளுக்கு நல்லபடி முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாளாம். கணேஸ் மொட்டை அடித்தாயிற்று, யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். "மூக்குக்காரரு உள்ள வந்தாரா டீச்சர்?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

திரும்பவும் அதே வார்ட். பெரஹரா ஊர்வலம் தொடங்கிவிட்டதால் பின்னேரமானால் ரோட்டையெல்லாம் மூடுகிறார்கள். பார்க்க வந்தவர்கள் அவசர அவசரமாக வந்து அவசரமாகப் போனார்கள்.

மதினி வந்தாள், பஸ்லியா வந்தாள், அதிபர் கூட வந்தார். ஒருத்தராவது மாப் கேட்டால்தானே! எல்லாரும் காலநிலையைப் பற்றிப் பேசினார்கள். அந்த வசனம் வாயில் வந்துவிடுமோ என்று பயந்து பயந்து பேசினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் றிப்தாதான். எல்லாரும் போனபின் என் தலையைப் பின்னிவிட்டுக்கொண்டே, "உம்மா, மாப் பண்ணிக்கோங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. மறைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அதற்காகவா, வேறு எதற்காகவோ?

கேட்க நாக்கு துருதுருத்தது.

"பொறுத்தேன் மகள்" என்றேன். எதற்கென்று கேட்கவில்லை.

முஸ்அப் கதவைத் தாண்டி உள்ளே வந்து என் காலடியில் உட்கார்ந்திருந்தான். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறான். நகத்தில் மட்டும் போகவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. போன தடவையைவிடக் கூடவே இருக்கிறது, ஏனென்றால் இப்போது எதற்குப் பயப்படுகிறேன் என்று தெரியும். ஆனாலும் ப்ரஷர் ஒழுங்காக இருக்கிறதாம். மிஸி இரண்டுதரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இருக்கிறேன். தையல் இழுக்கிறது. இருமினால் உயிர் போகிறது. கண்ணைத் திறந்தபோது மூக்குக்காரன் பக்கத்தில் இருந்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

றிப்போட் இன்னும் வரவில்லை. யாரும் ஆறுதல் சொல்வதில்லை. மஹ்ரூப் தினமும் கடையை நேரத்தோடு மூடிவிட்டு வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "பயமா ஈக்குதா?" என்று கேட்டேன். "ஓ" என்றார். "எனக்கும்" என்றேன். பிறகு கொடித்தோடை ஜூஸ் குடித்தோம்.

செப்டம்பர் 11, புதன்

றிப்போட் வந்துவிட்டது.

டொக்டர் பைலைத் திறந்து வாசித்தார். மூடினார். மூடிய விதத்திலேயே எனக்கு விளங்கியது. நிமிர்ந்து பழக்கதோஷத்தில் மஹ்ரூபைப் பார்த்தார். "மஹத்தயா, பொட்டக் எலியட்ட என்ன."

மஹ்ரூப் எழும்பவில்லை. கதிரையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தார். முகமெல்லாம் வியர்வை. லேஞ்சியை எடுக்கவில்லை. அந்த வாளி விற்கிற சிங்களத்தில் சொன்னார்: "மெதனம கியன்ன டொக்டர். எயாட்டத் அஹென்ன." இங்கேயே சொல்லுங்கள், அவளுக்கும் கேட்கட்டும்.

டொக்டர் என் பக்கம் திரும்பி, என்னிடமே சொன்னார். சூலகத்தில் இருந்தது கேன்சர்தான். ஆரம்பம். வெளியே பரவிய மாதிரித் தெரியவில்லை. முழுதாக எடுத்தாயிற்று, ஆனாலும் மருந்து ஏற்றத்தான் வேண்டும், தலைமுடி கொட்டும், களைப்பாக இருக்கும். நான் கேள்வி கேட்டேன். அவர் பதில் சொன்னார். மஹ்ரூப் மேசைக்குக் கீழால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் றிப்தாவிடம் சொன்னோம். அழுதாள். நானும் அழுதேன். என் வாயிலிருந்து இப்படியொரு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது.

பின்னேரம் கடுகண்ணாவையிலிருந்து முஸ்அப் கோல் எடுத்தான். "றிப்போட் என்ன உம்மா?" என்று கேட்டான்.

ஒண்டுமில்ல என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக நாக்கில் வந்து நின்றது. மஹ்ரூப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேன்சர்தான் மகன்" என்றேன். "ஆரம்பமாம். மருந்து ஏத்தோணுமாம்."

ரயில் வந்தது. முன்பென்றால் டீவி என்பான், இன்று அப்படிச் சொல்லவில்லை. நீளமான ரயில். அது போய் முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"மொத மருந்து ஏத்துற அண்டைக்கு நான் வாரேன் உம்மா" என்றான். "உள்ளுக்கு வருவேன்."

"வா" என்றேன். "கையக் கழுவிட்டு வா."